அசிடிட்டி மருந்து கொடுத்தும் குழந்தை ஏன் தூங்கவில்லை?

"கக்குற பிள்ளை தக்கும்" என்று பாட்டிமார் சொல்வது பெரும்பாலும் சரிதான். எடை சரியாக ஏறி, சிரித்து விளையாடி, நடுநடுவே பால் கக்கும் குழந்தைக்கு மருந்தே வேண்டாம். இரைப்பை வாயில் உள்ள தசை இன்னும் முதிரவில்லை, அவ்வளவுதான். நாலாம் மாதத்தை ஒட்டிக் கக்கல் உச்சத்துக்குப் போகும். ஒரு வயதுக்குள் பெரும்பாலும் அடங்கிவிடும். நன்றாக இருக்கும் குழந்தைக்கு அழுகைக்காகவோ கக்கலுக்காகவோ மட்டும் அமிலக் குறைப்பு மருந்து வேண்டாம் என்றுதான் ஐரோப்பிய, வட அமெரிக்கக் குழந்தைகள் இரைப்பை-குடல் மருத்துவச் சங்கங்களின் 2018 வழிகாட்டியும் சொல்கிறது.

சரி, மருந்து தேவை என்று டாக்டர் பார்த்துத்தான் எழுதிக் கொடுத்திருக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். அப்போதும் அமிலத்தைக் குறைக்கும் ஒமெப்ரசோல் வகை மருந்து கக்கலை நிறுத்தாது. மேலே வரும் பாலின் புளிப்பைக் குறைக்கும். அளவு அப்படியேதான் இருக்கும். அதனால் துண்டு நனைவதை வைத்து மருந்து கேட்கிறதா என்று முடிவு செய்யாதீர்கள். குடிக்கும்போது வில்லாக வளைந்து அலறுவது குறைகிறதா, எடை ஏறுகிறதா என்று பாருங்கள்.

கொடுக்கும் விதத்திலேயே பாதி மருந்து வீணாகிறது. ஒமெப்ரசோல் குருணைகளுக்கு மேல்பூச்சு உண்டு. கேப்சூலைப் பிரித்து நுணுக்கினால் பூச்சு உடைந்து, மருந்து இரைப்பை அமிலத்திலேயே அழிந்துவிடும். அதே வகையைச் சேர்ந்த எசோமெப்ரசோல் 10 மில்லிகிராம் சாஷே (சிறு பாக்கெட்) என்றால் 15 மில்லி ஆறவைத்த தண்ணீரில் கலக்கி, இரண்டு மூன்று நிமிடம் கெட்டியாக விட்டு, அரை மணி நேரத்துக்குள் கொடுக்க வேண்டும். பால் பாட்டிலில் கலக்கவே கூடாது. குழந்தை பாதியில் நிறுத்தினால் எவ்வளவு மருந்து உள்ளே போனது என்று யாருக்கும் தெரியாது. பாலுக்கு அரை மணி முன்பு, சிரிஞ்சால் கன்னத்தின் உட்புறமாகக் கொஞ்சம் கொஞ்சமாக விடுங்கள்.

மருந்து தொடங்கியபின் தூக்கம் கெட்டால் எந்த மருந்து என்று பாருங்கள். அமிலத்தைக் குறைக்கும் இன்னொரு மருந்தான ஃபமோடிடின் கொடுத்த ஒரு வயதுக்குட்பட்ட சில குழந்தைகளுக்கு அமைதியின்மை வந்தது, நிறுத்தியதும் சரியானது. வீட்டில் அதே வகைப் பழைய ரானிடிடின் இருந்தால் எடுக்காதீர்கள், புற்றுநோய் உண்டாக்கக்கூடிய என்.டி.எம்.ஏ என்ற மாசு காரணமாக 2020-ல் அமெரிக்காவில் அதைத் திரும்பப் பெறச் சொன்னார்கள். வாந்தியை நிறுத்தக் கொடுக்கும் டோம்பெரிடோனில் சொட்டு மருந்து சிரப்பை விடப் பல மடங்கு அடர்த்தி. ஒன்றுக்குப் பதில் மற்றொன்றை ஊற்றினால் விபரீதம். இதயத் துடிப்பின் லயத்தையும் அது பாதிக்கலாம். குழந்தைகளுக்குப் பலன் தரவில்லை என்பதால் பிரிட்டனில் 2019 முதல் 12 வயதுக்குட்பட்டவர்களுக்கு அதற்கு அனுமதி இல்லை. நம் ஊரில் இன்னும் சர்வசாதாரணமாக எழுதுகிறார்கள்.

எல்லாப் பழியும் மருந்துக்கு அல்ல. நாலாம் மாதத்தை ஒட்டிப் பல குழந்தைகளுக்குத் தூக்க முறை மாறி அடிக்கடி விழிப்பு வரும். கக்கலின் உச்சமும் அதே நேரம்தான். தூக்கத்தில் நெளிவதும் முனகுவதும் வலி என்று அர்த்தமில்லை.

படுக்கை மல்லாந்துதான், சமதளத்தில், தலையணை இல்லாமல். மல்லாந்திருக்கும்போது மூச்சுக்குழாய் மேலேயும் உணவுக்குழாய் கீழேயும் இருப்பதால், மேலேறிய பால் திரும்ப உணவுக்குழாய்க்கே இறங்கும். குப்புறப் போட்டால் இது தலைகீழ். பால் குடித்ததும் தூளியில் போடுவதும் சரிவராது; உடம்பு மடங்கி வயிறு அழுந்தும், தாடை நெஞ்சில் முட்டும். 20, 30 நிமிடம் தோளில் நிமிர்த்தி வைத்திருந்துவிட்டுப் படுக்க வையுங்கள்.

உண்மையில் அதிகக் கவலை தர வேண்டியது பால் மறுப்புதான். எரிச்சல் அடங்கிய பிறகும் பாட்டிலைக் கண்டாலே திரும்பிக்கொள்ளும், அரைத்தூக்கத்தில் மட்டும் குடிக்கும். குடித்தால் வலிக்கும் என்ற நினைவு தங்கிவிட்டது. "இன்னும் 20 மில்லிதானே" என்று வாயில் திணித்தால் அந்த நினைவு கெட்டிப்படும். முகத்தைத் திருப்பினால் நிறுத்துங்கள். ஒரு வேளைக்குப் பால் கொடுப்பதை அரை மணிக்கு மேல் இழுக்க வேண்டாம். பாட்டில் குழந்தைக்கு, முதல் சில மாதங்களில், ஒரு நாளைக்குக் கிலோவுக்குச் சுமார் 150 மில்லி. 5 கிலோ என்றால் 750. ஆறாகப் பிரித்தால் 125, எட்டாகப் பிரித்தால் 94. அடிக்கடி, கொஞ்சமாக என்பதே நல்லது. ஏற்கெனவே இதற்கு மேல் ஊட்டிக்கொண்டிருந்தால் கக்கலுக்குக் காரணம் அதுவாகவே இருக்கலாம். பால் கெட்டியாக்கும் பவுடர் போட்டால் பழைய நிப்பிளில் வராமல் குழந்தை களைத்துப்போகும். ஆறு மாதத்துக்கு முன் கஞ்சியைக் கலந்து கெட்டியாக்காதீர்கள். மருந்துக்கும் கேட்கவில்லை, மலத்தில் ரத்தம் அல்லது எக்ஸிமா (அரிப்பும் வறட்சியுமாகத் தோல் சிவப்பது) இருக்கிறது என்றால் பசும்பால் புரத ஒவ்வாமையைப் பற்றி டாக்டரிடம் கேளுங்கள்.

பச்சையாக வாந்தி, பீய்ச்சி அடிக்கும் வாந்தி, ரத்தம், எடை குறைவு, மூச்சுத் தடை, உச்சிக்குழி புடைப்பு, இவற்றில் எதைக் கண்டாலும் உடனே ஆஸ்பத்திரி.

மருந்து நாலு வாரத்துக்குத்தான் சோதனை; பிறகு தொடர வேண்டுமா என்று டாக்டர் பார்க்க வேண்டும். அமிலம் குறைந்தால் வயிற்றுப்போக்கு, நுரையீரல் தொற்று போன்றவை வரும் வாய்ப்பு கூடும் என்பதால் சும்மா இழுத்தடிக்கக் கூடாது. இடையில் திடீரென்று பழைய அழுகை திரும்பினால் எடையைச் சொல்லுங்கள். 4 கிலோவுக்கு எழுதிய அளவு 6 கிலோவுக்குப் போதாமல் இருக்கலாம். நீங்களாகக் கூட்ட வேண்டாம். நிறுத்தியபின் சில நாள் அமிலம் கூடுதலாகச் சுரக்கலாம். இரண்டாம் நாள் இரவு அழுததைப் பார்த்து மறுபடி பாக்கெட்டைப் பிரிக்காமல், டாக்டரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டு, ஒரு வாரம் குடியையும் எடையையும் குறித்து வாருங்கள்.