ஏ பிட்டுக்காகப் போன மூன்று வாரம்

படிக்கும் காலத்தில் 32-பிட் எக்ஸ்86 சிப்புக்கு எழுதிய சின்னக் கெர்னல் (இயங்குதளத்தின் மையப் பகுதி) ஒன்று என்னிடம் இருக்கிறது. அதை ரிஸ்க்-ஃபைவ் என்ற வேறு வகைச் சிப் உள்ள போர்டில் ஓட வைக்க வேண்டும் என்று ரொம்ப நாள் ஆசை. பினாங்கு பாயான் லெப்பாஸில் வேலை முடிந்து வீட்டுக்கு வந்து, இரவு பத்து மணிக்கு மேல்தான் அதில் உட்காருவேன். சீரியல் போர்ட், இன்டரப்ட் எல்லாம் சீக்கிரம் முடிந்தன. மாட்டிக்கொண்டது, ப்ரோக்ராமின் முகவரிகளை நிஜ மெமரி முகவரிகளாக மாற்றும் எம்எம்யூவில்.

அந்த மாற்றத்துக்கான அட்டவணைதான் பேஜ் டேபிள். எக்ஸ்86-இல் அது இரண்டு அடுக்கு, என்ட்ரி 4 பைட். ரிஸ்க்-ஃபைவின் எஸ்வி39 முறையில் மூன்று அடுக்கு, என்ட்ரி 8 பைட். பக்கம் இரண்டிலும் 4 கேபிதான், அதனால் கணக்கை மாற்றினால் போதும் என்று நினைத்தேன். பழைய கோடில் மேல் அடுக்கு என்ட்ரிகளின் அனுமதி பிட்களில் 7 என்று போட்டிருந்தேன், அதாவது பக்கம் இருக்கிறது, எழுதலாம், யூசரும் தொடலாம். அதே 7 ரிஸ்க்-ஃபைவில் ‘செல்லும், படிக்கலாம், எழுதலாம்’ என்று ஆகிவிடுகிறது. படிக்கும் பிட் வந்துவிட்டாலே அது அடுத்த டேபிளுக்கு வழிகாட்டும் என்ட்ரி இல்லை, மேல் அடுக்கில் இருந்தால் அங்கேயே 1 ஜிபி பக்கம் என்று சிப் எடுத்துக்கொள்ளும். வழிகாட்டும் என்ட்ரியில் வேலிட் (‘செல்லும்’) பிட் மட்டும் போட்டால் போதும். இதைக் கியூஎமு என்ற எமுலேட்டரிலேயே பிடித்துவிட்டேன், ஷெல்லும் வந்தது.

போர்டில் ஏற்றினால், பேஜ் டேபிளை இயக்கிவிடும் எஸ்ஏடிபி ரெஜிஸ்டரில் எழுதுவதற்கு முந்தைய வரி அச்சானதோடு சரி, அப்புறம் ஒரு எழுத்துகூட வரவில்லை. ஃபால்ட் வந்தால் ஓட வேண்டிய ட்ராப் ஹேண்ட்லரும் அதே பேஜ் டேபிள் வழியாகத்தான் ஓட வேண்டும் என்பதால், அதுவும் ஃபால்ட் ஆகி, திரும்பத் திரும்பத் தனக்குள்ளேயே சுற்றிக்கொண்டிருந்திருக்கிறது. ராம் தொடங்கும் முகவரி, சீரியல் போர்ட்டுக்கான யூஆர்ட் மேப்பிங் என்று ஒவ்வொரு என்ட்ரியையும் தாளில் எழுதிச் சரிபார்த்தேன். எல்லாம் சரியாகவே இருந்தது, அதுதான் கொடுமை.

ஒரு வெள்ளிக்கிழமை ராத்திரி மாமாக் கடையில் தே தாரே குடித்துக்கொண்டே, கூட வேலை பார்க்கும் அண்ணனிடம் புலம்பினேன். முழுதாகக் கேட்டுவிட்டு, “தம்பி, ஏ பிட்டு, டி பிட்டு ரெண்டையும் யாரு போடுறா?” என்றார்.

நான் போடவே இல்லை. பக்கத்தைத் தொட்டால் ஏ, எழுதினால் டி என்று எக்ஸ்86 சிப் தானாகவே குறித்துக்கொள்ளும். ரிஸ்க்-ஃபைவ் விதிப்படி சிப் தானே குறிக்கலாம், இல்லையென்றால் பேஜ் ஃபால்ட் எழுப்பி வேலையைக் கெர்னல் தலையில் போடலாம். நான் ஓட்டிய கியூஎமு முதல் வகை, என் போர்டு இரண்டாவது.

உறுதிசெய்யாமல் தூக்கம் வரவில்லை. ஃபர்ம்வேரில் பேஜ் ஃபால்ட்டைக் கெர்னலுக்கு ஒப்படைக்கும் இடத்தை நிறுத்திவிட்டு, முகவரி மாற்றமே இல்லாத, ஃபர்ம்வேர் ஓடும் எம்-மோடில் பிடித்து அச்சிட்டேன். காரணம் 12, அதாவது இன்ஸ்ட்ரக்‌ஷன் பேஜ் ஃபால்ட். முகவரி, எஸ்ஏடிபி எழுதிய வரிக்கு நேர் அடுத்த வரி. எல்லா கடைசி அடுக்கு என்ட்ரியிலும் 64-உம் (ஏ) 128-உம் (டி) சேர்த்தேன், போர்டில் ஷெல் வந்தது. பக்கங்களை டிஸ்க்குக்குத் தள்ளும் கெர்னல் என்றால் இப்படி முன்கூட்டியே போடக் கூடாது, எந்தப் பக்கம் பயன்பட்டது என்றே தெரியாமல் போய்விடும். என்னுடையதில் அது இல்லை, அதனால் பரவாயில்லை.

பழைய சிப்பில் பேஜ் டேபிள் இருக்கும் இடத்தைக் காட்டும் சிஆர்3 ரெஜிஸ்டரில் எழுதினாலே, ஏற்கெனவே பார்த்த என்ட்ரிகளைச் சேமித்து வைக்கும் டிஎல்பி துடைபடும், குளோபல் பக்கங்கள் மட்டும் தங்கும். இங்கே எஸ்ஃபென்ஸ் விஎம்ஏ என்ற கட்டளையைத் தனியாகக் கொடுக்க வேண்டும், அதுவும் ஓடும் கோருக்கு மட்டும்தான் செல்லும். இப்போது ஒரு கோர் ஓடுகிறது. இரண்டாவதை எழுப்பி, அதற்கும் இன்டரப்ட் அனுப்பித் துடைக்கச் சொல்வது இந்தச் சனிக்கிழமை வேலை.