மாவுச் சட்டிக்குப் பக்கத்தில் ஓர் ஊசி

"டேய், ஊசியை வெளியே எடுத்து வெச்சுட்டேன்" என்றார் அம்மா.

ஃபிரிட்ஜில் இட்லி மாவுச் சட்டிக்கும் தயிருக்கும் நடுவே அதற்கென்று ஓர் இடம். 2 முதல் 8 டிகிரிக்குள் இருக்க வேண்டும், உறையக் கூடாது. கரன்ட் போனால் முதலில் பதறுவது அவர்தான்.

அரை மணி நேரம் குளிர் விடணும். அவசரப்பட்டால் தொடையில் சுள்ளென்று எரியும். அனுபவம்.

அடலிமுமாப், 40 மில்லிகிராம், இரண்டு வாரத்துக்கு ஒன்று. முதுகெலும்பை இறுக்கும் வாதத்துக்கு. பயோசிமிலர், அதாவது அசல் மருந்தை ஒத்த மருந்து.

"அப்போ டூப்ளிகேட்டா?" என்றார் மாமா.

இல்லை மாமா. உயிருள்ள செல்களில் வளர்க்கிற புரதம் இது. அச்சு அசலாக நகலெடுக்க முடியாது, அதனால்தான் அந்தப் பெயர். வேலை அதே வேலைதான்.

அடலிமுமாபின் முதல் பயோசிமிலர் 2014 டிசம்பரில் நம் நாட்டில்தான் விற்பனைக்கு வந்தது. அமெரிக்காவில் காப்புரிமைச் சிக்கலெல்லாம் தாண்டிக் கடைக்கு வர 2023 ஜனவரி ஆகிவிட்டது. கொஞ்சம் கர்வமாகத்தான் இருக்கிறது. ஆனாலும் விலை எல்லோருக்கும் எட்டுவதில்லை. அது தனி வயிற்றெரிச்சல்.

சரி, இன்று காலை குனிந்து நானே ஷூ லேஸ் கட்டினேன்.

அம்மா பார்த்தும் பார்க்காததுபோல மாவைக் கரைத்துக்கொண்டிருந்தார்.