இரண்டாவது பயனர் வரும்போது: சோதனைத் தரவு நாட்குறிப்பு

மார்ச் 4, செவ்வாய்

எங்கள் மென்பொருளின் தானியங்கிச் சோதனைகளில், ஒரே ஒரு பயனரை உருவாக்குபவை யாவும் தேறுகின்றன. இரண்டு பயனர்கள் தேவைப்படும் சோதனை மட்டும், நாட்டுக் குறியீடு ஏற்கெனவே உள்ளது என்ற பிழையோடு நின்றுவிடுகிறது. பயனர் ஃபேக்டரி, அதாவது சோதனைக்கான மாதிரிப் பயனரை உருவாக்கித் தரும் நிரல், ஒவ்வொரு முறையும் தனக்கென ஒரு நாட்டைப் படைக்கிறது. நாட்டு ஃபேக்டரியோ எப்போதும் ‘ஜேபி’ என்ற ஒரே குறியீட்டைத்தான் தருகிறது.

ஒவ்வொரு முறையும் அடுத்த எண்ணைக் கொண்டு புதிய மதிப்பைத் தரும் சீக்குவென்ஸ் போட்டுவிடலாம் என்பதே குழுவில் முதலில் எழுந்த யோசனை. மின்னஞ்சல் முகவரிக்கு அது மிகப் பொருத்தம், ஏனெனில் அங்கே ஒன்றோடொன்று மோதாத ஏதோ ஒரு மதிப்பு இருந்தால் போதும். ஐஎஸ்ஓ 3166 தரத்தின் ஈரெழுத்துக் குறியீட்டிலோ மொத்தமே 676 சேர்க்கைகள்தாம். ஃபேக்டரிகளை எழுத நாங்கள் பயன்படுத்தும் ரூபி மொழி நூலகமான ஃபேக்டரி பாட்டின் சீக்குவென்ஸ் ஒவ்வொரு சோதனைக்கும் தானாக முதலுக்குத் திரும்புவதுமில்லை. அதோடு, உலகில் இல்லாத நாட்டுக்கு வரிவிதிப்பைச் சோதித்து என்ன பயன்?

மார்ச் 5, புதன்

நாட்டு ஃபேக்டரியில், ஆப்ஜெக்டை எப்படிப் பெறுவது என்று சொல்லும் ‘இனிஷியலைஸ் வித்’ பகுதிக்குள் ‘ஃபைண்ட் ஆர் கிரியேட் பை’ அழைப்பை வைத்து, குறியீட்டைக் கொண்டு நாட்டைத் தேடி, இல்லாவிட்டால் மட்டும் உருவாக்கச் செய்தோம். பிழை மறைந்தது. ஆனால் சேமிக்காமல் நினைவகத்தில் மட்டும் ஆப்ஜெக்டைக் கட்டித் தர வேண்டிய ‘பில்ட்’கூட இப்போது தரவுத்தளத்தில் எழுதுகிறது.

இதைவிட நுட்பமான சிக்கல் ஒன்றும் உண்டு. தேடலில் பயன்படாத பண்புகளை ஃபேக்டரி பாட், கிடைத்த ஆப்ஜெக்டின் மேல் மறுபடியும் ஏற்றுகிறது. வரி விகிதம் 8 என்று சொல்லி நாட்டை உருவாக்கிவிட்டு, பின்னர் விகிதம் எதுவும் குறிப்பிடாமல் இன்னொரு பயனரை உருவாக்கினால், ஃபேக்டரியின் இயல்பு மதிப்பான 10 தரவுத்தளத்தில் அதே நாட்டின் பதிவில் சேமிக்கப்பட்டுவிடும். முதல் பயனரின் கையில் இருக்கும் ஆப்ஜெக்ட் மட்டும் இன்னமும் 8 என்றே சொல்லும். பைத்தான் மொழியில் இதே வேலையைச் செய்யும் ஃபேக்டரி பாய் நூலகத்தின் ‘ஜாங்கோ கெட் ஆர் கிரியேட்’ இதற்கு நேர்மாறானது: பதிவு முன்பே இருந்தால், நாம் கொடுத்த புதிய விகிதத்தைச் சத்தமில்லாமல் விட்டுவிடும். இரண்டில் இதுவே மேல் என்பேன். பிறர் வைத்த தரவையாவது கெடுப்பதில்லை.

மார்ச் 7, வெள்ளி

பிழையே காட்டாத இரட்டிப்பு இன்று அகப்பட்டது. ஆர்டருக்கு ஒரு நிறுவனம் உண்டு. ஆர்டரின் வாடிக்கையாளருக்கும் ஒரு நிறுவனம் உண்டு. நடைமுறையில் இரண்டும் ஒன்றே. ஃபேக்டரியோ இரு வழியாகவும் சென்று இரண்டு நிறுவனங்களை உருவாக்கிவிடுகிறது. பெயர்கள் சீக்குவென்ஸில் வருவதால் எந்தக் கட்டுப்பாடும் மீறப்படவில்லை. நிறுவனவாரியாக வடிகட்டும் அறிக்கையின் சோதனை மட்டும் காலியான பட்டியலைக் காட்டியது. இங்கே தேடி எடுக்கும் வித்தை தேவையே இல்லை. வாடிக்கையாளரை உருவாக்கும்போது ஆர்டரின் நிறுவனத்தையே வாடிக்கையாளருக்கும் கைமாற்றிவிட்டால் போதும்.

மார்ச் 10, திங்கள்

நாடு, நாணயம், பயனர் பங்கு (ரோல்) ஆகிய மூன்றையும் சோதனைத் தொகுப்பு தொடங்கும்போதே ஏற்றிவிட முடிவாயிற்று. ஃபேக்டரிகள் அவற்றைத் தேடி எடுக்கும், உருவாக்கா. விகிதத்தை மாற்ற வேண்டிய சோதனை, அந்த மாற்றத்தைத் தன் நிரல் வரிகளுக்குள்ளேயே வெளிப்படையாக எழுத வேண்டும். ஒவ்வொரு சோதனைக்குப் பின்னும் அட்டவணைகளைத் துடைத்தெடுக்கும் பழைய உலாவிச் சோதனைகளில் இந்த மூன்று அட்டவணைகளுக்கும் விலக்குக் கொடுக்கும் வேலை இன்னும் பாக்கி.