நான்கு மணிக்கு இருட்டும் புடாபெஸ்ட்: ஒரு குளிர்காலப் பயணத்தின் திட்டம்

டிசம்பர் நடுவில் புடாபெஸ்டில் சூரியன் காலை ஏழரை மணியளவில் உதித்து, மாலை நான்கு மணிக்குள் மறைந்துவிடுகிறது. அம்மாவையும் அழைத்துக்கொண்டு ஹங்கேரியின் தலைநகருக்குச் சில நாட்கள் போய்வருவது என்று முடிவானதும், எந்தெந்த இடங்களைப் பார்ப்பது என்று யோசிப்பதற்கு முன்பே இந்த உதய, அஸ்தமன நேரங்களைத்தான் எடுத்துப் பார்த்தேன். கிடைக்கும் எட்டரை மணி நேர வெளிச்சத்தில் எதைப் பார்ப்பது, அதற்குப் பின் வரும் நீண்ட மாலையில் என்ன செய்வது என்று பிரித்துக்கொண்டாலே குளிர்காலப் பயணத் திட்டத்தில் பாதி வேலை முடிந்துவிடும். இருட்டிய பிறகும் வெளியே நிற்க வைக்கும் நகரம் என்பதால்தான் புடாபெஸ்டைத் தேர்ந்தெடுத்தேன்.

அதற்குக் காரணம் நகரத்தின் அடியில் இருக்கும் வெந்நீர். நகரின் மேற்குக் கரையான புடா பக்கத்துச் சுண்ணாம்புக்கல் குன்றுகளில் பெய்யும் மழைநீர் பாறை இடுக்குகள் வழியாக வெகு ஆழத்துக்கு இறங்கிச் சூடேறி, டான்யூப் நதியை ஒட்டிய நிலப்பிளவுகளின் வழியே ஊற்றாக மேலே வருகிறது. 16ஆம் நூற்றாண்டில் இங்கு ஆண்ட ஒட்டோமான் துருக்கியர் அந்த ஊற்றுகளின் மேல் குவிமாடம் எழுப்பிக் கட்டிய குளியல் கூடங்களில் ஒன்றான ருடாஷ் இன்றும் இயங்குகிறது. நதிக்கு மறுகரையில், பெஸ்ட் பக்கத்துச் சமவெளியில், ஆழ்துளையிட்டுத்தான் வெந்நீரை எடுக்க வேண்டியிருந்தது. அப்படி எடுத்த நீரை நம்பி 1913இல் திறக்கப்பட்டதுதான் நகரப் பூங்காவில் உள்ள செச்செனி குளியல் கூடம். அதன் ஆழ்துளைக் கிணறுகளிலிருந்து எழுபது டிகிரிக்கு மேற்பட்ட வெப்பத்தில் வரும் நீரை ஆற்றித்தான் குளங்களில் விடுகிறார்கள். காற்று பூஜ்ஜியத்தை ஒட்டி நிற்கும் மாலையில், திறந்தவெளிக் குளத்தின் 38 டிகிரி நீரில் கழுத்தளவு அமர்ந்திருப்பதைக் கோடைக்காலத்தில் வருபவர்கள் அனுபவிக்கவே முடியாது. ஆகவே செச்செனியை மாலை ஐந்து மணிக்கு மேல் வைத்துக்கொள்ள வேண்டும் என்பதில் எனக்கு எந்த ஐயமும் இல்லை.

நீச்சலுடை கட்டாயம் என்பதைக் கேட்டு அம்மா முதலில் தயங்கினார். முழங்காலுக்குக் கீழ் வரை வரும்படி நீச்சல் துணியிலேயே தைத்த உடை ஒன்றை ஊரிலேயே வாங்கிக் கொடுத்த பிறகு ஒப்புக்கொண்டார். மூட்டுவலியோடு வந்தவர் அந்த நீரை விட்டு எழ மறுத்ததைப் பார்த்தபோது, இந்தப் பயணத்தை இவருக்காகவே திட்டமிட்டிருக்கிறேன் என்று மனம் நிறைந்தது. துண்டு, ரப்பர் செருப்பு ஆகியவற்றோடு, ஈரத் தலையுடன் குளிரில் நடக்க நேரும் என்பதால் காதை மூடும் கம்பளித் தொப்பியையும் எடுத்துச் செல்வது அவசியம்.

தங்குமிடத்துக்கு பெஸ்ட் பக்கத்தில் தெயாக் சதுக்கத்தின் அருகே தேடினேன். மூன்று மெட்ரோ பாதைகள் அங்கே சந்திக்கின்றன; விமான நிலையத்திலிருந்து வரும் 100E பேருந்தும் அங்கேயே வந்து நிற்கிறது. மூன்றில் பழமையானது 1896இல் திறக்கப்பட்ட முதல் பாதை. ஐரோப்பியப் பெருநிலத்தின் முதல் சுரங்க ரயில் என்ற பெருமை அதற்கு உண்டு. தெருவுக்குச் சற்றே கீழே ஓடுவதால் சில படிகள் இறங்கினாலே நடைமேடை வந்துவிடும். முழங்கால் வலி உள்ளவர்களை அழைத்துச் செல்பவருக்கு அந்தப் பெருமையைவிட இதுதான் முக்கியம். ஓபரா மாளிகை, வீரர்கள் சதுக்கம், செச்செனி ஆகிய மூன்றுக்கும் அந்த ஒரே பாதை போதும்.

பகல் வெளிச்சத்தை நதிக்கரைக்கும் புடா குன்றுக்கும் ஒதுக்கினேன். அந்தக் குன்றின் மேல் காட்சி மேடையாக இருக்கும் மீனவர் கொத்தளத்திலிருந்து பார்க்கும்போது எதிர்க்கரையில் நாடாளுமன்றம் முழுதாகத் தெரியும். அதன் உயரம் 96 மீட்டர். ஹங்கேரியர்களின் முன்னோரான மஜியார் மக்கள் இந்த நிலத்துக்கு வந்ததாகக் கொள்ளப்படும் 896ஆம் ஆண்டை நினைவூட்டும் எண் அது. நாடாளுமன்றத்துக்குச் சற்றுத் தெற்கே, கரையின் விளிம்பில் அறுபது ஜோடி இரும்புக் காலணிகள் பதிக்கப்பட்டிருக்கின்றன. 1944-45 குளிர்காலத்தில் அரோ கிராஸ் என்ற பாசிசப் படையினர் யூதர்களை இங்கே நிறுத்தி, காலணிகளைக் கழற்றச் சொல்லி, நதிக்குள் விழும்படி சுட்டுக் கொன்றார்கள். 2005இல் நிறுவப்பட்ட இந்த நினைவுச் சின்னத்தை வேறு இரண்டு இடங்களுக்கு நடுவே அவசரமாகப் பார்த்துவிட்டு நகரக் கூடாது என்பதால், அந்தக் காலைப்பொழுதில் வேறெதையும் சேர்க்கவில்லை. கையுறைக்குள்ளேயே விரல் விறைக்கும் குளிரில் அங்கே நின்றபோது, அவர்கள் வெறுங்காலுடன் நின்றார்கள் என்பதைத் தவிர வேறெதையும் நினைக்க முடியவில்லை.

சைவ உணவு கொஞ்சம் தேடலைக் கேட்கும். ஹங்கேரியின் புகழ்பெற்ற குழம்பான குலாஷ் மாட்டிறைச்சியில் செய்வது. குடைமிளகாயும் தக்காளியும் சேர்ந்த லெச்சோவையும், காய்கறிகளைக் கெட்டியாக வேகவைக்கும் ஃபோசெலெக்கையும் இறைச்சி கலக்காமல் தரச் சொல்லிக் கேட்டு வாங்கலாம். மாவை எண்ணெயில் பொரித்து, பூண்டும் புளித்த பாலேடும் பாலாடைக்கட்டியும் மேலே போட்டுத் தரும் லாங்கோஷ் அம்மாவுக்கு மிகவும் பிடித்துப்போனது.

தேதியைப் பொறுத்தவரை, டிசம்பரின் முதல் பாதிதான் என் பரிந்துரை. வொரொஷ்மார்தி சதுக்கத்திலும் புனித ஸ்தேவான் பாஸிலிக்காவின் முன்னும் கிறிஸ்துமஸ் சந்தைகள் நவம்பரிலேயே தொடங்கிவிடுகின்றன. டிசம்பர் 24 அன்றோ கடைகள் மூடிக்கிடக்கும், மாலையில் வழக்கமான டிராம், பேருந்து சேவையும் நின்றுவிடும். அடுத்த இரண்டு நாட்களும் விடுமுறை. அருங்காட்சியகங்கள் பலவற்றுக்குத் திங்கட்கிழமை விடுமுறை என்பதையும் கணக்கில் கொள்ள வேண்டும். இந்தியக் கடவுச்சீட்டு உள்ளவர்களுக்கு ஷெங்கன் விசாவும், குறைந்தது 30,000 யூரோ மருத்துவச் செலவை ஈடுகட்டும் காப்பீடும் தேவை. ஆனால் உள்ளே புழங்கும் பணம் ஃபோரிண்ட். நாடாளுமன்றத்தின் உட்புறத்தை வழிகாட்டல் சுற்றில் மட்டுமே பார்க்க முடியும் என்பதாலும், ஆங்கில வழிகாட்டலுக்கான இடங்கள் வேகமாகத் தீர்ந்துவிடுவதாலும், விசா கைக்கு வந்தவுடன் அந்தச் சீட்டை முதலில் பதிவு செய்துவிட்டு மற்ற நாட்களை அதைச் சுற்றி அடுக்கிக்கொள்ளுங்கள்.