பதினேழாம் வாய்ப்பாடும் 21.0975 கிலோமீட்டரும்

அடுத்த ஞாயிற்றுக்கிழமை விடியற்காலையில் சென்னையில் என் முதல் அரை மாரத்தானை, அதாவது 21.0975 கிலோமீட்டரை, ஓடப் போகிறேன். எனக்கு வயது 44. பள்ளியில் படித்த காலத்தில் விளையாட்டு விழா என்றால் பந்தலுக்குள் நிழல் தேடி உட்கார்ந்திருந்த கூட்டத்தைச் சேர்ந்தவன். ஆகஸ்ட் முதல் வாரத்தில் தொடங்கிய பயிற்சி இந்த வாரத்தோடு முடிகிறது. இந்த ஐந்து மாதங்களில் நான் பட்ட பாடெல்லாம் பெரும்பாலும் என் வேகத்தைக் குறைப்பதிலேயே போயிற்று என்று சொன்னால், ஓடாத நண்பர்கள் சிரிக்கிறார்கள். சில ஆண்டுகளாக ஓடுகிறவர்களோ சிரிக்காமல் தலையை மட்டும் ஆட்டுகிறார்கள்.

நாங்கள் ஐந்து பேர். மென்பொருள் நிறுவனத்தில் பணிபுரியும் இரண்டு இளைஞர்கள், வங்கி மேலாளராக இருக்கும் ஓர் அம்மையார், நான், இவர்களோடு 63 வயதான ஓய்வுபெற்ற கணித ஆசிரியர் ஒருவர். இதற்கு முன் நான்கு அரை மாரத்தான்களை முடித்தவர் அவர் ஒருவர்தான் என்பதால், அவரை 'சார்' என்று அழைத்து அவர் சொன்னபடி கேட்பது என்று முடிவாயிற்று. ஞாயிறுதோறும் காலை நாலரை மணிக்கு மெரினா கலங்கரை விளக்கத்தின் எதிரே கூடுவோம். அங்கிருந்து காமராஜர் சாலை நடைபாதையில் நேப்பியர் பாலம் வரை போய்த் திரும்பினால் ஆறு கிலோமீட்டருக்குச் சற்று மேல் வரும். தூரம் கூடக் கூட, அதே பாதையில் இன்னொரு சுற்று.

முதல் ஞாயிறு நான் ஒரு கிலோமீட்டருக்கு ஆறேகால் நிமிடம் என்ற வேகத்தில் ஓடினேன். இளைஞர்களோடு சேர்ந்து ஓட முடிகிறதே என்று உள்ளுக்குள் பெருமையாகவும் இருந்தது. கண்ணகி சிலையைத் தாண்டியபோது சார் என் பக்கத்தில் வந்து, "தம்பி, பதினேழாம் வாய்ப்பாடு சொல்லுங்கள், கேட்போம்" என்றார். விளையாட்டுக்குக் கேட்கிறார் என்று நினைத்துச் சொல்லத் தொடங்கினேன். நான்கு பதினேழு அறுபத்தெட்டு வரை வந்தது; ஐந்து பதினேழு எண்பத்தைந்து என்பதை இரண்டு மூச்சில் சொன்னேன்; ஆறு பதினேழில் நின்றுவிட்டேன். விடை தெரியாமல் இல்லை, சொல்லக் காற்று இல்லை. "நூற்றிரண்டு" என்று அவரே முடித்துவைத்துவிட்டு, "வாய்ப்பாடு பத்து வரை தடையில்லாமல் வருகிற வேகம் எதுவோ, அதுதான் இன்னும் இரண்டு மாதங்களுக்கு உங்கள் வேகம்" என்றார். அந்த வேகம் கிலோமீட்டருக்கு எட்டேகால் நிமிடமாக இருந்தது. வேகமாக நடக்கிற சிலர் என்னைத் தாண்டிப் போனார்கள். நாயைக் கூட்டிக்கொண்டு வந்த ஒரு பெரியவரும் தாண்டினார்.

பேச முடிகிற வேகத்தில் ஓட வேண்டும் என்பது பயிற்சியாளர்கள் எல்லாரும் சொல்லும் பழைய விதிதான். காரணத்தைப் புரிந்துகொள்ள எனக்குத்தான் நாளாயிற்று. அரை மாரத்தான் ஏறத்தாழ முழுவதும் ஆக்சிஜனைக் கொண்டு ஆற்றல் எடுக்கும் ஓட்டம். அதற்குத் தேவையானவை, அதாவது தசைகளுக்குள் நுண் இரத்தக் குழாய்கள் பெருகுவது, தசைச் செல்களில் ஆற்றலை உண்டாக்கும் மைட்டோகாண்டிரியாக்கள் கூடுவது, கொழுப்பை எரிக்கும் திறன் வளர்வது ஆகியவை, மெதுவாக நெடுநேரம் ஓடும் ஓட்டத்திலேயே நன்றாக நடக்கின்றன. அதோடு, இதயமும் நுரையீரலும் சில வாரங்களிலேயே பழகிக்கொள்ள, தசைநாண்களும் எலும்புகளும் பழக மாதக்கணக்கில் ஆகின்றன. 'இன்னும் ஓடலாம்' என்று மூச்சு சொல்லும் நாளிலும் கணுக்கால் அதற்கு ஒப்புக்கொண்டிருக்காது. புதியவர்களில் பெரும்பாலோர் எல்லா நாளும் ஒரே நடுத்தர வேகத்தில் ஓடுகிறார்கள். உடலை வளர்க்கும் மெது ஓட்டமாகவும் அது இருப்பதில்லை, வேகத்தைக் கூட்டும் கடும் பயிற்சியாகவும் இருப்பதில்லை, களைப்பு மட்டும் மிஞ்சுகிறது. நானும் அதைத்தான் செய்துகொண்டிருந்தேன்.

ஆகஸ்ட், செப்டம்பர் மாதங்களின் சென்னைப் புழுக்கம் இந்தப் பாடத்தை இன்னும் கடுமையாக நடத்தியது. விடியற்காலை ஐந்து மணிக்கே 26, 27 டிகிரி; கடற்காற்று நின்றுபோன நாளில் காற்றில் அத்தனை ஈரம். வியர்வை ஆவியானால்தான் உடல் குளிரும், வழிந்து தரையில் சொட்டினால் ஒரு பயனும் இல்லை. அப்போது வெப்பத்தை வெளியேற்ற இரத்தம் தோலை நோக்கிப் போகிறது, கால்களுக்கும் இரத்தம் வேண்டும், இரண்டுக்கும் சேர்த்து இதயம் வேகமாக அடித்தாக வேண்டும். அதே எட்டு நிமிட வேகத்தில் முதல் கிலோமீட்டரில் 140 காட்டிய என் கைக்கடிகாரம் எட்டாவது கிலோமீட்டரில் 163 காட்டியது. குளிர்நாட்டுக்காரர்கள் எழுதிய பயிற்சி அட்டவணையை இணையத்திலிருந்து எடுத்து அப்படியே நம் ஊரில் ஓடுகிறவர்களைப் பார்த்தால் எனக்குக் கவலையாக இருக்கிறது. அந்த அட்டவணையின் நேரங்களில் நம் ஊர்ப் புழுக்கம் கணக்கில் இல்லை.

எடை பார்க்கும் பரிசோதனையையும் அந்த மாதத்தில்தான் செய்தேன். ஓடுவதற்கு முன்பும் ஓடி முடித்துத் துடைத்துக்கொண்ட பின்பும் ஆடையில்லாமல் எடை பார்க்க வேண்டும். குறைந்த எடையோடு இடையில் குடித்த தண்ணீரைக் கூட்டினால் வியர்வையின் அளவு தெரிந்துவிடும். ஒன்றரை மணி நேர ஓட்டத்தில் எனக்கு 1.6 கிலோ குறைந்திருந்தது, அரை லிட்டர் தண்ணீர் குடித்திருந்தேன். ஆக 2.1 லிட்டர். வாசலில் நின்று பனியனைப் பிழிந்தபோது துணி துவைத்தது போலத் தண்ணீர் கொட்டியதைப் பார்த்து என் மனைவி, அந்தப் பனியன் இனி வாஷிங் மெஷினில் மற்றத் துணிகளோடு சேராது என்று அறிவித்துவிட்டார்.

போன வியர்வை அத்தனையையும் வெறும் தண்ணீராகக் குடித்து ஈடுகட்ட முயல்வதும் ஆபத்துதான். 2002-ஆம் ஆண்டு பாஸ்டன் மாரத்தானில் ஓடிய 488 பேரின் இரத்தத்தைப் பரிசோதித்தபோது, 13 சதவீதம் பேருக்குச் சோடியம் அளவு இயல்புக்குக் கீழே இறங்கியிருந்தது. ஓட்டத்தின்போது எடை கூடும் அளவுக்குத் தண்ணீர் குடித்தவர்களிடம் அது மிகுதியாகக் காணப்பட்டது. அளவுக்கு மீறிய தண்ணீர் சோடியத்தை நீர்க்கச் செய்து, முற்றினால் மூளை வீங்கும் நிலைக்குக் கொண்டுபோய்விடும். எங்கள் வழி எளியது: தாகம் எடுத்தால் இரண்டு மிடறு, ஒரு மணி நேரத்துக்கு மேல் ஓடும் நாளில் உப்பும் சர்க்கரையும் போட்ட எலுமிச்சைச் சாறு, கூடவே கொட்டை எடுத்த பேரீச்சம்பழம் நான்கு. ஓடும்போது சாப்பிடும் சர்க்கரைக் கூழான ஜெல் பாக்கெட்டுகளை இளைஞர்கள் வாங்கி வந்தார்கள். ஒரு பாக்கெட்டை நானும் முயன்று பார்த்தேன். அன்று பத்தாவது கிலோமீட்டரில் வயிறு செய்த கலகத்தை இங்கே விரிவாக எழுத வேண்டாம். பந்தய நாளில் எதையும் முதன்முறையாகச் சாப்பிடக் கூடாது என்ற விதியின் அருமை மட்டும் அன்று புரிந்தது.

அக்டோபரில் நான் தவறு செய்தேன். பத்துக் கிலோமீட்டரை எளிதாக முடித்த மகிழ்ச்சியில், சார் வெளியூர் போயிருந்த வாரத்தில், வாய்ப்பாட்டுத் தொல்லை இல்லாமல் நான்கு நாள் தொடர்ந்து வேகமாக ஓடினேன். ஐந்தாம் நாள் வீட்டு மாடிப்படியில் இறங்கும்போது வலது முழங்காலின் வெளிப்பக்கத்தில் ஊசி குத்தியது போன்ற வலி. இடுப்பிலிருந்து தொடையின் வெளிப்புறமாக முழங்காலுக்குக் கீழே வரை இறங்கும் பட்டை போன்ற திசு அங்கே உறுத்தலுக்கு ஆளாகிவிட்டது என்று இயன்முறை மருத்துவர் விளக்கினார். முழங்காலுக்கு மருந்து தேடிப் போனவனை அவர் ஒருக்களித்துப் படுக்கவைத்து, மேல் காலை மெல்லத் தூக்கி இறக்கச் சொன்னார். எட்டாவது தூக்கலில் கால் நடுங்கியது. இடுப்புத் தசை இவ்வளவு பலவீனமாக இருந்தால் முழங்கால்தான் சுமக்கும் என்றார். பதினாறு நாள் ஓட்டம் இல்லை. அந்தப் பயிற்சியை இன்றும் தினமும் இரவில் தொலைக்காட்சி பார்த்துக்கொண்டே செய்கிறேன்.

வாரத்துக்குப் பத்து சதவீதத்துக்கு மேல் தூரத்தைக் கூட்டாதே என்று ஓட்டக்காரர்களிடையே ஒரு விதி உண்டு. அந்த வாரம் நான் அதை மீறியதால்தான் வலி வந்தது என்று முதலில் நம்பினேன். ஆனால் நெதர்லாந்தில் 500-க்கும் மேற்பட்ட புதிய ஓட்டக்காரர்களை வைத்து நடத்தி 2008-ஆம் ஆண்டு வெளியிட்ட ஆய்வில், பத்து சதவீத விதிப்படி கூட்டியவர்களும் அதைவிட விரைவாகக் கூட்டியவர்களும் ஏறத்தாழ ஒரே அளவில், ஐந்தில் ஒருவர் என்ற கணக்கில், காயப்பட்டிருக்கிறார்கள். என் விஷயத்தில் தூரத்தைவிட வேகமே குற்றவாளி என்பது என் தீர்ப்பு. சார் இதற்கு ஒன்றும் சொல்லவில்லை. ஊர் திரும்பியதும், "பதினேழு மறந்துவிட்டதா?" என்று மட்டும் கேட்டார்.

நவம்பர் மழை மாதம். ஜனவரிப் பந்தயத்துக்குச் சென்னையில் தயாராகிறவர்களுக்கு, மிக நீண்ட ஓட்டங்களெல்லாம் வடகிழக்குப் பருவமழையில்தான் வந்து விழும். தண்ணீர் தேங்கிய சாலையில் வடிகால் மூடி எங்கே திறந்து கிடக்கிறது என்று தெரியாது என்பதால், மழை பெய்தால் ஓடலாம், தேங்கினால் ஓடக் கூடாது என்று முடிவு செய்தோம். கடற்கரை மூழ்கிய ஒரு ஞாயிறு அடையாறு மேம்பாலத்தில் எட்டு முறை ஏறி இறங்கினோம். இந்த ஊரில் மலையேற்றப் பயிற்சிக்கு மேம்பாலத்தை விட்டால் வேறு கதியில்லை.

வங்கி அம்மையாரின் பயிற்சிதான் எங்களில் மிகவும் ஒழுங்கானது. தொடக்கம் முதலே அவர் நான்கு நிமிடம் ஓட்டம், ஒரு நிமிடம் நடை என்ற முறையை விடவில்லை. 1972 ஒலிம்பிக்கில் 10,000 மீட்டர் ஓடிய அமெரிக்கரான ஜெஃப் கேலோவே பரப்பிய முறை அது. களைத்த பிறகு நடப்பது வேறு, களைக்கும் முன்பே கணக்கு வைத்து நடப்பது வேறு என்பார் அம்மையார். நடப்பதைத் தோல்வியாக நினைத்த எங்கள் இளைஞர்களில் ஒருவர் 16 கிலோமீட்டர் ஓட்டத்தில் முதல் எட்டைப் பறந்து முடித்துவிட்டு, கடைசி மூன்றை இடுப்பில் கை வைத்துக்கொண்டு நடந்து வந்தார். அம்மையார் அவருக்கு ஐந்து நிமிடம் முன்னதாகவே வந்து எலுமிச்சைச் சாறு கலந்துகொண்டிருந்தார். அந்த இளைஞர் சாதனைப் பட்டியல்களை விரும்பிப் படிப்பவர். இந்திய ஓட்டக்காரர் அவினாஷ் சாப்லே 2020-இல் டெல்லியில் 1 மணி 30 விநாடியில் அரை மாரத்தானை முடித்ததை அவர்தான் எங்களுக்குச் சொன்னார். கிலோமீட்டருக்கு ஏறத்தாழ 2 நிமிடம் 52 விநாடி. அந்த வேகத்தில் நான் எவ்வளவு தூரம் ஓட முடியும் என்று ஒருநாள் முயன்று பார்த்தேன். இரண்டு மின்கம்பங்களுக்கு இடையிலான தூரம் ஓடினேன்.

டிசம்பர் பிற்பாதியில் மார்கழி பிறந்ததும் எல்லாம் மாறியது. காற்றில் ஈரம் குறைந்தது. அதே இதயத் துடிப்புக்குக் கிலோமீட்டருக்கு நாற்பது விநாடி குறைவாக வந்தது. வார நாட்களில் நான் தனியாக ஓடும் மயிலாப்பூர்த் தெருக்களில், ஐந்து மணிக்கே வாசல் தெளித்துக் கோலம் போடத் தொடங்கியிருப்பார்கள். புள்ளி வைத்து முடித்து இழை இழுக்கும் நேரத்தில் வியர்வை சொட்டச் சொட்ட ஒருவன் ஓடி வந்தால் யாருக்குத்தான் பிடிக்கும்? கோலம் தெரிந்ததும் தெருவின் எதிர்ப்பக்கத்துக்கு மாறிவிடுவேன். இப்படி மாறி மாறி ஓடியதில் கடிகாரம் வரைந்த பாதையும் சிக்குக் கோலம் போலத்தான் இருந்தது. மாதக் கடைசியில் எங்கள் மிக நீண்ட ஓட்டம், 18 கிலோமீட்டர். பந்தயத் தூரம் முழுவதையும் பயிற்சியில் ஓட வேண்டியதில்லை, மீதி மூன்றை அன்றைய கூட்டமும் மேளமும் ஓடவைத்துவிடும் என்பது சாரின் கணக்கு. "மூன்று இல்லை சார், மூன்று கிலோமீட்டரும் 97.5 மீட்டரும்" என்று அந்தச் சாதனைப்பட்டியல் இளைஞர் திருத்தினார். 1908 லண்டன் ஒலிம்பிக்கில் ஓடிய 42.195 கிலோமீட்டர் பின்னாளில் மாரத்தானின் நிலையான தூரமாகிவிட்டதால், பாதியாக வகுத்தாலும் இந்த உதிரி நம்மை விடுவதில்லை.

இப்போது ஓட்டத்தைக் குறைக்கும் வாரம். 42 கிலோமீட்டர் வரை போன வாரக் கணக்கு 15-க்கு இறங்கிவிட்டது. உடம்பு ஓய்வெடுக்க, மனம் ஓடிக்கொண்டிருக்கிறது: தொண்டை கரகரத்தால் காய்ச்சலோ என்று தோன்றுகிறது, முழங்காலை நாளுக்குப் பத்து முறை அழுத்திப் பார்க்கிறேன். புதுக் காலணி வாங்கும் ஆசையை அடக்கி, முந்நூறு கிலோமீட்டர் ஓடிப் பழகிய பழையதையே துடைத்து வைத்திருக்கிறேன். உரசிப் புண்ணாகாமலிருக்க அக்குளுக்கும் தொடையிடுக்குக்கும் வாஸ்லின், மார்புக் காம்புகளுக்குப் பிளாஸ்டர். இந்தக் கடைசிப் பொருளை எதற்கு என்று கேட்பவர்கள் ஒருமுறை மழையில் 16 கிலோமீட்டர் ஓடிவிட்டுக் குளிக்கப் போய்ப் பார்க்கலாம். சனிக்கிழமை மதியம் நன்றாகச் சோறு, இரவு ஏழு மணிக்குத் தயிர்சாதம். ஞாயிறு மூன்றேகாலுக்கு எழுந்து, சர்க்கரை தொட்டு மூன்று இட்லி, அரை டம்ளர் காப்பி.

இலக்கு 2 மணி 40 நிமிடம், அதாவது கிலோமீட்டருக்கு 7 நிமிடம் 35 விநாடி. முதல் ஐந்து கிலோமீட்டரை 7 நிமிடம் 50 விநாடிக்குக் குறையாமல் ஓட வேண்டும் என்பது உத்தரவு. கூட்டத்தோடு சேர்ந்து அடித்துச் செல்லப்படுகிற இடம் அதுதான் என்பதால் சார் அதுவரை என் பக்கத்திலேயே வருவதாகச் சொல்லியிருக்கிறார். பதினேழு எனக்கு மனப்பாடமாகி மூச்சில்லாமலேயே வந்துவிடுகிறதாம். எனவே அது இனிச் செல்லாது, அன்றைக்குப் பத்தொன்பதாம் வாய்ப்பாடு. நேற்றிரவு படுக்கையில் சொல்லிப் பார்த்தேன், ஏழில் தடுமாறுகிறது.