ஐம்பது லக்ஸ் இருட்டு

அருங்காட்சியகத்தில் ஏன் இப்படி இருட்டடித்து வைத்திருக்கிறார்கள் என்று முன்பெல்லாம் நானும் முணுமுணுத்தவன்தான். நீர்வண்ண ஓவியம், பட்டு, பழைய காகிதம் ஆகியவற்றுக்கு 50 லக்ஸ் (வெளிச்சத்தை அளக்கும் அலகு) வெளிச்சம் போதும் என்பது பொதுவான கணக்கு. எண்ணெய் ஓவியம் 200 வரை தாங்கும். ஒளியால் வரும் சேதம் வட்டிக் கடன் மாதிரி, சேர்ந்துகொண்டே போகும். போன நிறம் போனதுதான். பழைய ஓவியத்தின் சட்டகத்தைக் கழற்றினால், அது மறைத்திருந்த விரலகல விளிம்பில் மட்டும் நீலம் நீலமாகவே இருக்கும். பக்கத்திலேயே வெளிறிய சாம்பல்.

ஹாலோஜன் விளக்கு மின்சாரத்தில் பெரும்பகுதியை வெப்பமாகக் கொட்டுகிறது, அதைத் தணிக்க ஏசி வேறு ஓட வேண்டும் (இரட்டைத் தண்டம்!). எல்இடியில் அந்தத் தொல்லை குறைவு, புற ஊதாக் கதிரும் மிகச் சொற்பம். சுவரோவியங்களுக்குப் பேர்போன வாடிகனின் சிஸ்டைன் சிற்றாலயத்துக்கே 2014-இல் எல்இடி வந்துவிட்டது.

அதற்காகக் கண்ணை மூடிக்கொண்டு எதையும் மாட்டிவிட முடியாது. நீலம் தூக்கலான குளிர்வெள்ளை ஒளி சில நிறமிகளுக்கு ஆகாது. டச்சு ஓவியர் வான்கோ தீட்டிய குரோம் மஞ்சளில் சில வகைகள் ஒளி பட்டே பழுப்பேறுகின்றன.

எனக்குப் பிடித்தது, ஆள் நுழைந்ததும் மெல்லக் கூடி, போனதும் தணியும் விளக்குகள். இரண்டு நிமிடம் பொறுமையாக நின்றால் கண் பழகிவிடுகிறது.