மூன்று சிரட்டை, முப்பது பச்சைப்பயறு

இரண்டாம் வகுப்பு படிக்கும் மகளுக்குப் பள்ளியில் அறிவியல் கண்காட்சி. செடி வளர்த்துக் கொண்டுவரச் சொல்லியிருந்தார்கள். சும்மா வளர்த்துக் காட்டினால் அது தோட்டவேலை. ஒரு கேள்வி இருந்தால்தான் சோதனை என்பது என் எண்ணம். அவளிடமே கேட்டேன். "வெயிலே படாத இடத்துல போட்டா முளைக்குமாம்மா?" என்றாள். அதையே எடுத்துக்கொண்டோம்.

முதல் தடவை கெட்டுப்போனது. பிளாஸ்டிக் கப்பின் அடியில் நான் ஓட்டை போடவில்லை. அவள் போகும்போதும் வரும்போதும் ஆசையாகத் தண்ணீர் ஊற்ற, மூன்றாம் நாள் பயறு அழுகி நாற்றம் வந்துவிட்டது. முளைக்கிற விதைக்கும் மூச்சு உண்டு, மண்ணில் காற்று இருக்கிற இடத்தையெல்லாம் தண்ணீர் அடைத்துவிட்டால் அதற்கு மூச்சு முட்டும் என்றதும் அவளுக்கு அழுகை வந்துவிட்டது.

அடுத்து தேங்காய்ச் சிரட்டைக்கு மாறினோம். கண் இருக்கும் பாதியை எடுத்துக்கொண்டால் ஓட்டை போடச் சிரமமே இல்லை. மூன்று கண்ணில் ஒன்று மெத்தென்று இருக்கும். தேங்காய் முளைவிடுவதும் அதன் வழியாகத்தான். ஆணியால் குத்தினால் போதும். இரவு ஊறவைத்த பயறு, சிரட்டைக்குப் பத்து. ஒன்று ஜன்னலில், ஒன்று மூடிய அலமாரிக்குள், இன்னொன்று பக்கவாட்டில் ஒரே ஒரு ஓட்டை போட்ட செருப்புப் பெட்டிக்குள். அதே மண், காலையில் அதே இரண்டு ஸ்பூன் தண்ணீர். வெளிச்சம் மட்டும்தான் வேறு.

ஸ்கேல் பார்த்துப் படிக்க அவளுக்கு இன்னும் சரியாக வரவில்லை. அதனால் தினமும் சாயங்காலம் உயரமான செடியோடு ஒரு காகிதப் பட்டையை நிறுத்தி, அதே உயரத்துக்கு வெட்டி, தேதி எழுதிச் சார்ட்டில் ஒட்டினோம். வரிசையாக ஒட்ட ஒட்ட அதுவே வரைபடமாகிவிட்டது. சின்னப் பிள்ளைகளோடு இதைச் செய்கிறவர்களுக்கு நான் முதலில் சொல்வது இதைத்தான்.

இரண்டாம் நாள் மூன்றிலும் முளை. ஐந்தாம் நாள் ஜன்னல் செடி 7 செ.மீ., அலமாரிச் செடி 15 செ.மீ. "இருட்டுதான் ஜெயிச்சிருச்சு!" என்று குதித்தாள். நான் அவசரப்பட்டு விளக்கம் சொல்லவில்லை, இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்க்கச் சொன்னேன். அலமாரிச் செடி வெளுத்த மஞ்சள், தண்டு நூல் மாதிரி, இலை விரியவே இல்லை. விதைக்குள் இருந்த சாப்பாட்டையெல்லாம் வெளிச்சத்தைத் தேடி உயர்வதற்கே செலவழித்திருக்கிறது.

அத்தை எட்டிப் பார்த்துவிட்டு, "இது நம்ம முளைப்பாரியில்ல!" என்றார். அம்மன் திருவிழாவுக்கு நவதானியம் போட்டு, வெயில் படாத அறையில் வைத்துத்தான் முளைப்பாரி வளர்ப்பார்கள். அது அப்படி நெடுநெடுவென்று வெளிர்நிறத்தில் நிற்பது இதனால்தான். திருவிழாவில் எத்தனையோ முறை பார்த்திருக்கிறேன், காரணத்தை யோசித்ததில்லை. அன்று ராத்திரி அப்பத்தாவும் பேத்தியும் வெகுநேரம் முளைப்பாரிக் கதை பேசிக்கொண்டிருந்தார்கள்.

பெட்டிச் செடிகள் எல்லாம் ஓட்டைப் பக்கமே சாய்ந்திருந்தன. சிரட்டையைத் திருப்பி வைத்தோம். மறுநாள் தலைகள் மறுபடி ஓட்டையைப் பார்த்து வளைந்திருந்தன. நிழல் விழும் பக்கத்துத் தண்டு கூடுதலாக நீளுவதால் செடி வெளிச்சத்தின் பக்கம் வளைகிறது. சார்லஸ் டார்வினும் அவர் மகன் பிரான்சிஸும் புல் நாற்றின் நுனியை மூடிப் பார்த்து, நுனிதான் வெளிச்சத்தை உணர்கிறது என்று 1880-இல் எழுதினார்கள். அப்பாவும் பிள்ளையும் சேர்ந்து செய்தது என்பது அவளுக்கு ரொம்பப் பிடித்துவிட்டது.

எட்டாம் நாள் அலமாரிச் சிரட்டையை ஜன்னலுக்கு மாற்றினோம். அடுத்த நாள் சாயங்காலத்துக்குள் இலை பச்சை பிடித்துவிட்டது; தண்டு மட்டும் நிற்க மாட்டாமல் சாய்ந்தே கிடந்தது. ஈர்க்குச்சி ஊன்றி, நூலால் கட்டிவிட்டாள். கண்காட்சிக்கு அப்படியேதான் எடுத்துப் போகிறோம். இப்போது அலமாரிக்குள் வெந்தயம் போட்டு வைத்திருக்கிறாள், தினமும் பட்டை வெட்டுவது அவள்தான்.